தனி விமானமும் இஸ்ராஃபும்

சேலம் மாவட்டத்து அன்பர் ஒருவரிடமிருந்து சென்ற மாதம் நமக்கு ஒரு நீண்ட கடிதம் வந்தது. அவருடைய மூத்த மகளின் நிக்காஹ் ஏற்காட்டில் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் சென்னைவாசிகள். அல்லாஹ் அவர்களுக்குத் தாராளமாகவே கொடுத்திருக்கிறான். மாப்பிள்ளை, அவருடைய அத்தா, அம்மா, எண்பது வயதைக் கடந்த நன்னி, இன்னும் நெருங்கிய உறவினர் நால்வர், ஆக எட்டுப் பேர் மட்டும் ஒரு சிறிய ஜெட் விமானத்தைத் தனியாக வாடகைக்கு அமர்த்திச் சென்னையிலிருந்து சேலத்துக்கு வந்து, அங்கிருந்து மலையேற எண்ணுகிறார்களாம். செலவு முழுவதும் அவர்களுடையதே. பெண் வீட்டாரிடம் ஒரு பைசாவும் கேட்கவில்லை.

அன்பரின் தம்பியோ, "இது அப்பட்டமான இஸ்ராஃப். இந்த ஆடம்பரத்தில் நான் கலந்துகொள்ள மாட்டேன்" என்று சொல்லிவிட்டாராம். செய்தி சம்பந்தியின் காதுக்கு எட்ட, "ஹலாலாகச் சம்பாதித்தது, ஜகாத் கொடுத்தது போக மீந்தது. கூலியை முழுவதும் கொடுத்து ஏறுகிறோம். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று அவரும் வருத்தத்தோடு கேட்டிருக்கிறார். நடுவில் நிற்கும் பெண்ணின் தகப்பனாருக்குத் தூக்கம் போய்விட்டது. "இருவரில் யார் சொல்வது சரி என்று எழுதுங்கள்" என்று நம்மைக் கேட்கிறார்.

ஃபத்வா கொடுக்கும் தகுதி நமக்கு இல்லை. அது உலமாப் பெருமக்களின் வேலை. ஆனால் ஒரு பொருளைப் பற்றித் தீர்ப்புக் கூறுமுன் அந்தப் பொருள் இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? தம்பியும் சரி, சம்பந்தியும் சரி, விமான வாடகை என்பது எதற்குக் கொடுக்கும் கூலி என்று விசாரித்ததாகக் கடிதத்தில் தெரியவில்லை. ஆகவே முதலில் அதையே நாம் விசாரிப்போம்.

விமான நிறுவனத்தில் டிக்கெட் எடுப்பவர் ஓர் இருக்கையை வாங்குகிறார். தனி விமானம் அமர்த்துபவர் இருக்கையை வாங்குவதில்லை. விமானத்தின் மணி நேரத்தை வாங்குகிறார். எட்டுப் பேர் ஏறினாலும் ஒருவர் ஏறினாலும் கூலி ஒன்றே. இன்னொன்று, அந்த மணிக் கணக்கு அவர் ஏறிய நிமிஷத்தில் துவங்கி இறங்கிய நிமிஷத்தில் முடிவதில்லை. விமானம் தன் இருப்பிடத்திலிருந்து அவரை அழைக்க வருவதும், அவரை இறக்கிவிட்டுத் திரும்பிப் போவதும் அவர் கணக்கிலேயே ஏறும்.

சென்னையிலிருந்து சேலம் விமான நிலையம் ஆகாய மார்க்கமாகச் சுமார் 265 கிலோமீட்டர். ஓடுபாதையில் ஊர்வதையும் சேர்த்து முக்கால் மணி நேரப் பிரயாணம் என்று கொள்ளலாம். நம் கல்யாணக் கூட்டத்தை இறக்கிவிட்டு விமானம் வெறுமையாகச் சென்னைக்குத் திரும்புகிறது. மறுநாள் அவர்களை அழைத்துப்போக வெறுமையாக வருகிறது. ஆக நான்கு ஓட்டங்கள், மூன்று மணி நேரம். அதில் ஆள் இருப்பது ஒன்றரை மணி. இல்லாதது ஒன்றரை மணி. திரும்பிப் போகாமல் சேலத்திலேயே நிறுத்தி வைக்கலாமே என்றால், நிறுத்துவதற்கு வாடகை, விமானிகளின் தங்கும் செலவு, விமானம் வேறு வேலைக்குப் போக முடியாத நஷ்டம் எல்லாம் அதற்கு ஈடாக வந்து நிற்கும். சும்மா நிற்கும் குதிரைவண்டிக்கும் காத்திருப்புக் கூலி உண்டு என்பது நம் பாட்டனார் காலத்து நியாயம்தான்.

கணக்கு விளங்கும் பொருட்டு மணிக்கு இரண்டு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விமானத்தின் அளவையும் காலத்தையும் ஒட்டி இது கூடும், குறையும். ஒரு நாளைக்குக் குறைந்தது இரண்டு மணி நேரத்துக்காவது கூலி கட்ட வேண்டும் என்று நிபந்தனை வைக்கும் வழக்கமும் இத்தொழிலில் உண்டு. அப்படியானால் இரண்டு நாளைக்கு நான்கு மணி, எட்டு லட்சம். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வரி 1,44,000. ஆக 9,44,000 ரூபாய். தலைக்கு 1,18,000. இறங்கு கட்டணம், நிலையத்தில் கவனித்துக்கொள்வோரின் கட்டணம் ஆகியவை தனியாக வந்தாலும் வரும். சிறிய விமான நிலையங்கள் இரவு பகலாகத் திறந்திருப்பதில்லை. நேரம் கடந்து திறந்து வைக்கச் சொன்னால் அதற்கும் தனிக் கட்டணம் உண்டு. கல்யாண வீட்டில் யார்தான் நேரத்தோடு புறப்பட்டிருக்கிறார்கள்!

இந்த வெற்று ஓட்டத்தின் விஷயம் நம்முடைய வாசகர்களுக்குப் புதிதல்ல. ஹாஜிகளை ஜித்தாவில் கொண்டுபோய் விடும் விமானம், அந்த ஹாஜிகள் மக்காவிலும் மதீனாவிலும் இருக்கும் நாட்களில் அங்கேயே நிற்பதில்லை. வெறுமையாகத் திரும்பி வந்து அடுத்த கூட்டத்தை ஏற்றுகிறது. ஹஜ்ஜு முடிந்தபின் வெறுமையாகப் போய் அவர்களை அழைத்து வருகிறது. ஒரு ஹாஜியின் ஒரு போக்குவரவுக்காக விமானம் நான்கு முறை கடல் தாண்டுகிறது. பம்பாயிலிருந்து ஹாஜிகள் கப்பலில் போய்வந்த வழக்கம் 1995-ஆம் ஆண்டோடு முடிந்தது. அதன்பின் எல்லோரும் விமானமே என்றாகிவிட, "சாதாரண நாளில் இவ்வளவு மலிவாக இருக்கும் ஜித்தா டிக்கெட் ஹஜ்ஜுக் காலத்தில் ஏன் இப்படி ஏறுகிறது?" என்று எத்தனை வீடுகளில் கேட்டிருப்போம்! காரணங்கள் பல இருக்கலாம். அந்த வெற்று ஓட்டம் அவற்றில் ஒன்று.

அந்த ஹஜ்ஜு விமானக் கூலியில் ஒரு பகுதியை நெடுங்காலம் அரசாங்கம் மானியமாகக் கொடுத்து வந்தது. அதைப் பத்து ஆண்டுகளுக்குள் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட வேண்டும் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2018-ல் அது அடியோடு நின்றது. ஹஜ்ஜு என்பது வசதியுள்ளவர் மீதே கடமை. அப்படியிருக்க இன்னொருவர் பணத்தில் ஏறுவது முறைதானா என்று நம்மவர்களே அன்றைக்குக் கேட்டார்கள். நாம் கொடுக்கும் டிக்கெட் விலை வேறு, பிரயாணத்தின் உண்மையான விலை வேறு, இரண்டுக்கும் நடுவிலுள்ள தொகையை வேறு யாரோ கொடுக்கிறார் என்பதை அந்த வாதம் நமக்குக் கற்றுக்கொடுத்தது.

சேலம் விமான நிலையத்தின் கதையும் இதைத்தான் சொல்கிறது. ஓமலூருக்கு அருகே காமலாபுரத்தில் 1993-ல் அது திறக்கப்பட்டது. ஏறுவோர் போதாமல் பல ஆண்டுகள் ஓய்ந்து கிடந்தது. 2009-ல் கிங்ஃபிஷர் வந்தது; 2011-ல் நின்றது. 2018 மார்ச்சில் மத்திய அரசின் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் சென்னைக்குப் பறந்தது; 2021-ல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் மீண்டும் சேவை துவங்கியது. உடான் திட்டத்தில் ஒரு மணி நேரப் பிரயாணத்துக்கு ஏறத்தாழ 2,500 ரூபாய் என்று ஒரு பகுதி இருக்கைகளுக்கு உச்சவரம்பு வைத்து, நஷ்டத்தை அரசாங்கம் ஈடு செய்கிறது. அந்த நிதிக்கு மற்றப் பெரிய வழித்தடங்களில் பறக்கும் விமானங்களிடமிருந்து தீர்வை வாங்கப்படுகிறது. சேலத்துக்காரர் மலிவாக ஏறிய இருக்கைக்கு டில்லிக்கும் பம்பாய்க்கும் இடையே பறந்த முகம் தெரியாத ஒருவரும் சில ரூபாய் கொடுத்திருக்கிறார்.

ஆகவே சம்பந்தியின் வாதத்தில் ஓர் உண்மை உண்டு. அதை நாம் மறைக்கலாகாது. மலிவு டிக்கெட்டில் ஏறுகிறவரைவிட, தனி விமானம் அமர்த்துகிறவர்தான் தம் பிரயாணத்தின் விலையைத் தாமே முழுவதும் சுமக்கிறார். வெற்று ஓட்டத்துக்கும் கொடுக்கிறார், விமானி காத்திருப்பதற்கும் கொடுக்கிறார், வரியும் கட்டுகிறார். அவர் யாருக்கும் கடன்படவில்லை. "எனக்குக் கிடைக்காதது உனக்கு ஏன்?" என்ற வயிற்றெரிச்சலுக்கு இஸ்ராஃப் என்று மார்க்கப் பெயர் சூட்டிவிடுவது நம்மில் சிலருக்குக் கைவந்த கலை. கடிதத்திலுள்ள தம்பி அப்படிப்பட்டவர் என்று நாம் சொல்லவில்லை. ஆனாலும் அவர் தம்மையே ஒரு முறை கேட்டுப் பார்ப்பது நல்லது. செலவழிப்பதில் அளவு மீறாமலும் கஞ்சத்தனம் செய்யாமலும் இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்களையே திருமறையின் அல்-ஃபுர்கான் அத்தியாயம் 67-ஆம் வசனம் ரஹ்மானின் அடியார்களோடு சேர்த்துப் பேசுகிறது. கையை இறுக்கிக்கொள்வதும் அங்கே குற்றமாகவே எண்ணப்படுகிறது.

எனினும், கூலியை முழுவதும் கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்ததா?

கூலி ஒப்பந்தத்தைப் பற்றிப் பழைய பிக்ஹு நூல்களில் இஜாரா என்ற பாடம் ஒன்று உண்டு. ஒட்டகத்தையோ கழுதையையோ வாடகைக்கு எடுப்பவர் எங்கே போகிறார், யார் ஏறுவார், எவ்வளவு சுமை ஏற்றுவார், கூலி என்ன என்பவை முன்கூட்டியே தெளிவாக வேண்டும். பிராணிக்குத் தீனி அதன் சொந்தக்காரன் பொறுப்பு. பேசிய ஊரைத் தாண்டி ஓட்டிச் சென்று பிராணிக்கு நஷ்டம் வந்தால் ஓட்டியவன் பொறுப்பு. பிராணியைக் கொண்டுவந்து நிறுத்தியபின் இவன் ஏறாமல் விட்டாலும் கூலி கூலிதான். ஒட்டகத்தை எடுத்துவிட்டு ஜெட் விமானத்தை வைத்துப் பாருங்கள். ஒரு வரியும் பழசாகவில்லை. எரிபொருள் மணிக் கூலியில் அடக்கமா, தனியா? நேரம் தப்பினால் யார் பொறுப்பு? மழையாலோ பனிமூட்டத்தாலோ சேலத்தில் இறங்க முடியாமல் பெங்களூரிலோ கோயம்புத்தூரிலோ இறக்கிவிட்டால் என்ன கணக்கு? நிக்காஹ் தள்ளிப்போனால் முன்பணம் என்ன ஆகும்? இவற்றை எழுத்தில் வாங்காமல் "பார்த்துக்கொள்ளலாம்" என்று கைகுலுக்கிவிட்டு, பின்னால் பில்லைக் கண்டு சண்டைக்கு நிற்பது வியாபாரமும் அல்ல, மார்க்கமும் அல்ல.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. வாடகைக்கு விமானம் விடுவோர் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அனுமதி பெற்றிருக்க வேண்டும். தன் சொந்த உபயோகத்துக்கென்று பதிவு செய்த விமானத்தைக் கூலிக்கு விடுவது சட்ட விரோதம். சொந்தக் காரை டாக்ஸியாக ஓட்டுவது போன்றதே இது. ஆனால் ஆபத்து அதைவிடப் பன்மடங்கு பெரிது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கைவிரிக்கவும் கூடும். மலிவாகக் கிடைக்கிறதென்று அதில் ஏறுபவர், கூலிக்கு விட உரிமையில்லாத ஒன்றைக் கூலிக்கு எடுக்கிறார்.

இவை எல்லாம் ஒழுங்காக இருக்கிறதென்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பில்லில் வராத செலவுகள் சில பாக்கி நிற்கின்றன. சிறிய ஜெட் ஒன்று மணிக்கு ஏறத்தாழ 500 லிட்டர் எரிபொருளைக் குடிக்கும். மூன்று மணிக்கு 1,500 லிட்டர். அது எரிந்து ஆகாயத்தில் கலக்கும் கரியமில வாயு மூன்றே முக்கால் டன்னுக்குக் குறையாது. அதில் பாதி, ஒரு மனிதரும் அமராத இருக்கைகளைச் சுமந்து போனதால் வந்தது. இதற்குச் சம்பந்தி யாரிடம் கூலி கொடுத்தார்? பெற்றுக்கொள்வாரும் இல்லை, ரசீதும் இல்லை. ஓடும் ஆற்றின் கரையிலிருந்து ஒளுச் செய்தாலும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் தம் தோழர் ஸஅத் (ரலி) அவர்களை எச்சரித்ததாக இப்னுமாஜாவில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் சொல்வார்கள். ஆனால் அக்கருத்தைப் பேணாத உலமா யாரும் இல்லை. ஆற்று நீருக்கு யாரும் விலை கேட்பதில்லை. வீணாவதால் அடுத்தவருக்குக் குறைவும் இல்லை. இருந்தும் அங்கே இஸ்ராஃப் என்ற பேச்சு வருகிறதென்றால், இஸ்ராஃப் என்பது பிறருக்குப் பட்ட கடனைப் பற்றியது மட்டும் அல்ல என்றாகிறது. "யாருக்கு என்ன நஷ்டம்?" என்ற கேள்வி அந்த ஆற்றங்கரையிலேயே விழுந்துவிடுகிறது.

இன்னொரு செலவு நம் மஹல்லாவின் கணக்கில் எழுதப்படுகிறது. அன்பருக்கு இன்னும் இரண்டு பெண்மக்கள் இருக்கிறார்கள். தம்பிக்கும் ஒரு மகள். "மூத்தவளுக்கு மாப்பிள்ளை ஆகாயத்திலிருந்து வந்தார்" என்று ஊர் பேசிவிட்டால், இளையவளுக்குப் பேச வருகிறவர்கள் என்ன எதிர்பார்ப்பார்கள்? நாற்பது வருஷத்துக்கு முன்பு அம்பாஸடர் கார் வரிசையில் துவங்கியது, மண்டபமாகி, வீடியோவாகி, மலைவாச விடுதியாகி எங்கே வந்து நிற்கிறது என்பதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். தம்பியின் கோபத்துக்குள் ஒரு தகப்பனின் பயம் ஒளிந்திருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. அதை அவர் இஸ்ராஃப் என்று சொல்லாமல், "அண்ணே, எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள்" என்று சொல்லியிருந்தால் சம்பந்தியின் மனமும் நொந்திருக்காது.

இந்த இடத்தில் நம் நண்பர் ஒருவருடைய நினைவு வருகிறது. அவருடைய அத்தா ஏற்காட்டில் காப்பித் தோட்டம் ஒன்றில் கணக்கராக இருந்தவர். அங்கே அவர் மரணப் படுக்கையில் இருக்கும் சேதி ஓர் இரவில் சென்னைக்கு வந்தது. நண்பர் சொற்பச் சம்பளக்காரர். அந்நேரம் ரயில் போய்விட்டிருந்தது. கடன் வாங்கி, ஒரு டாக்ஸியை முழுவதுமாக அமர்த்தி, போகவும் வெறுமையாகத் திரும்பவும் கூலி பேசிப் புறப்பட்டார். மூன்று மாதச் சம்பளம் அந்த ஓர் இரவில் போயிற்று. விடியும் வேளையில் மலையடிவாரம் சேர்ந்தார். அந்த மலைப்பாதைக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். நடுவில் ஒரு வளைவில் மரலாரி ஒன்று குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றது. கடைசி வளைவுகளை அவர் நடந்தே ஏறினார். வீட்டை அடைந்தபோது குளிப்பாட்டி முடித்துக் கஃபன் அணிவித்திருந்தார்கள்.

கொடுத்த கூலிக்கு அவர் வாங்க நினைத்தது கிடைக்கவில்லை. ஆனால் அதை வீண் செலவு என்று ஒருவரும் சொல்லவில்லை, அவரும் சொன்னதில்லை. அன்றைக்கு அவருக்கு ஒரு தனி விமானம் கிடைத்திருந்து, அதற்கு வீட்டையே விற்றிருந்தாலும் நாம் இஸ்ராஃப் என்று வாய் திறந்திருக்க மாட்டோம். தொகை அல்ல, பலனும் அல்ல, எதற்காக அந்த நேரத்தை வாங்கினார் என்பதே செலவுக்குப் பெயர் வைக்கிறது. செல்வத்தைப் பற்றி மறுமையில் இரண்டு கேள்விகள் உண்டு என்று ஹதீஸில் வருகிறது: எங்கிருந்து சம்பாதித்தாய், எதில் செலவிட்டாய் என்பவை. சம்பந்தி முதல் கேள்விக்குத்தான் நம்மிடம் பதில் சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். எட்டுப் பேர் வாங்கப்போகும் நேரம் எவ்வளவு? ஏற்காடு எக்ஸ்பிரஸ் என்று மலையின் பெயரையே தாங்கிய ரயில் சென்னையில் இரவு புறப்பட்டு விடியுமுன் சேலத்தில் இறக்கிவிடுகிறது. தூங்கும் நேரத்திலேயே பிரயாணம் முடிந்துவிடும். காரில் வந்தால் ஒரு பகலில் பாதி. விமானத்தில் முக்கால் மணி என்றாலும், வீட்டிலிருந்து மீனம்பாக்கம் போவதும், காமலாபுரத்திலிருந்து சேலம் வந்து மலையேறுவதும் சேர்ந்தால் மூன்றரை, நான்கு மணி நேரம். அந்த இருபது வளைவுகள் ஜெட்டில் வந்தவருக்கென்று நிமிர்ந்து கொடுப்பதில்லை. வெள்ளைக்காரத் துரைமார் சேர்வராயன் மலையில் காப்பி நட்ட 1820-களில் மேலே போக வேண்டுமானால் குதிரையேற வேண்டும், இல்லையேல் ஆட்கள் தோளில் சுமக்கும் நாற்காலியில் உட்கார வேண்டும். அன்றைக்குத் தன் பிரயாணத்தின் விலை என்ன என்பதைச் சுமப்பவனின் வியர்வையில் ஏறியிருப்பவர் கண்ணால் பார்த்தார். இன்றைக்குப் பில் தபாலில் வருகிறது.

எட்டுப் பேரில் ஏழு பேருக்கு இந்த மூன்று நான்கு மணி நேரம் எதற்கு என்று கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. எட்டாமவரான அந்த நன்னிக்கு மட்டும் காரணம் இருக்கிறது. முழங்கால் மடங்காது, ரயில் படியேற முடியாது, ஐந்தாறு மணி நேரம் காரில் உட்கார முடியாது; பேரனின் நிக்காஹைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறார். அந்த ஆசையை நாம் அற்பமாக எண்ண மாட்டோம். அவர் ஒருவருக்காக விமானம் அமர்த்தி, கூட ஏழு பேர் ஏறிக்கொண்டால், இருக்கை எப்படியும் காலியாகத்தானே போகும், அதில் விரயம் இல்லை என்றே சொல்வோம். ஏழு பேருடைய பெருமைக்காக அமர்த்தி, கேட்பவரிடம் நன்னியைக் காரணம் காட்டினால் கதை வேறு. விமானம் ஒன்றே, கூலி ஒன்றே, ஏறுகிறவர்களும் அதே எட்டுப் பேர். எது எது என்று சம்பந்தியின் உள்ளத்துக்குத் தெரியும். நமக்கும் தெரியாது, தம்பிக்கும் தெரியாது. தெரியாததைப் பற்றித்தான் தம்பி தீர்ப்புக் கூறிவிட்டார்.

ஆனால் நன்னியின் பேரைச் சொன்னவுடன் இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. முழங்கால் மடங்காத ஒரு மூதாட்டியை வைத்துக்கொண்டு நிக்காஹை மலைமேல் வைத்தது யார்? விமானச் செலவின் முதல் வரி விமானத்தில் எழுதப்படவில்லை. பெண்ணின் தகப்பனார் ஏற்காட்டில் விடுதி பேசிய அன்றைக்கே அது எழுதப்பட்டுவிட்டது. சேலத்துப் பள்ளிவாசலில் நிக்காஹை வைத்திருந்தால் வளைவுகளும் இல்லை, மலைக்குளிரும் இல்லை. சென்னையிலேயே வைத்திருந்தால் நன்னி வீட்டு வாசலிலிருந்து அரை மணியில் வந்திருப்பார். சம்பந்தியின் விமானத்தைப் பற்றி நம்மிடம் கேட்ட அன்பர், தம்முடைய மலையைப் பற்றிக் கேட்கவில்லை.

இதையே அவருக்குப் பதிலாக எழுதினோம். வாடகை விடுவோரிடம் எழுத்தில் வாங்க வேண்டியவற்றைத் தனித் தாளில் குறித்து, அதைச் சம்பந்தியிடம் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டோம். ரயிலில் கீழ்ப் படுக்கையும் நிலையத்தில் சக்கர நாற்காலியும் கிடைக்கும், நன்னியை அதில் அழைத்துவர முடியுமா என்று அவரிடமே கேளுங்கள், அவர் முடியாது என்றால் முடியாதுதான் என்றும் எழுதினோம். தம்பியின் வீட்டுக்கு ஒரு முறை நேரில் போய், அவருடைய மகளைப் பற்றிப் பேசிவிட்டு வாருங்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டோம். தம்முடைய மலையைப் பற்றிய நம் கேள்வி அவருக்குக் கசந்திருக்கலாம். கடிதம் கிடைத்ததாக ஒரு தபால் கார்டு மட்டும் வந்தது. நிக்காஹ் ஷவ்வால் மாதத்தில். அவர்கள் எதில் வரப்போகிறார்கள் என்று இன்றுவரை நமக்குத் தெரியாது.